பழைய சேவ் கோப்பைத் திறந்தால் கப்பல் துறையெல்லாம் கிட்டங்கி ஆகிவிடுகிறது, உதவுங்கள்

காரைக்குடி விண்மீன்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கோடோ எஞ்சினில் ஒரு விண்வெளி வியூக விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். சுற்று முறை ஆட்டம். கிரகம் பிடிக்கலாம், கட்டடம் கட்டலாம், பக்கத்து அரசோடு வியாபாரமோ சண்டையோ போடலாம். தொடக்க விண்மீன்கள் ஒன்பதுக்கும் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில் ஊர்களின் பெயர்தான். யோசனை ஆறு பேருடையது, நிரல் (கோடு) எழுதுவது நான் மட்டும்.

போன வாரம் 0.4 பதிப்பைக் கொடுத்தேன். அதில் புதிதாக வந்தது கிட்டங்கி, அதாவது அந்தக் காலத்தில் செட்டியார்கள் கடல் கடந்த ஊர்களில் தங்கித் தொழில் நடத்திய கூடம். தேவகோட்டை நண்பர் சொன்ன யோசனை அது. அடுத்த அரசின் கிரகத்தில் நம் முகவர் போய் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பார்ப்பார், மூன்று வருஷம் முடிந்ததும் கணக்கோடு ஊர் திரும்புவார், வேறு ஆள் போவார்.

சிக்கல் இதுதான். 0.3இல் சேமித்த ஆட்டத்தை 0.4இல் திறந்தால் பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் கப்பல் துறை இருந்த இடத்திலெல்லாம் கிட்டங்கி நிற்கிறது. எல்லையில் கட்டிய அரண்களெல்லாம் கப்பல் துறை. சுரங்கம், பண்ணை, ஆய்வுக்கூடம் மட்டும் சரியாக இருக்கின்றன.

பள்ளத்தூர் நண்பரின் ஆட்டம் 212ஆம் சுற்றில் இருந்தது. மூன்று மாதமாக ஞாயிறுதோறும் உட்கார்ந்து ஆடியது. எல்லைப் பக்கமே போகாததால் அவர் கவனிக்கவில்லை, இன்னும் 9 சுற்று ஆடி அதே கோப்பில் சேமித்துவிட்டார். பழைய நகல் கிடையாது. அவர் முகத்தில் விழிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஏதாவது வழி இருக்கிறதா?

கோட்டையூர் கோடு:
தம்பி, கட்டட வகைகளை எனம் (enum, பெயருக்கு ஒரு எண் தரும்) பட்டியலாக வைத்திருக்கிறீர்களா? கிட்டங்கியை அதில் எந்த இடத்தில் சேர்த்தீர்கள்? அந்த வரியைக் காட்டுங்கள்.

காரைக்குடி விண்மீன்:
ஆமாம் அண்ணே, எனம்தான்.
பழையது: சுரங்கம், பண்ணை, ஆய்வுக்கூடம், கப்பல்துறை, அரண்
புதியது: சுரங்கம், பண்ணை, ஆய்வுக்கூடம், கிட்டங்கி, கப்பல்துறை, அரண்
கட்டும் திரையில் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் வரட்டும் என்று நடுவில் வைத்தேன்.

கோட்டையூர் கோடு:
அதேதான். எனத்தில் பெயர் நமக்குத்தான், கோப்பில் போய் உட்காருவது எண். முதல் பெயர் 0, அடுத்தது 1 என்று போகும். 0.3இல் கப்பல் துறை 3, அரண் 4. நீங்கள் நடுவில் ஒன்றைச் செருகியதும் 3 கிட்டங்கி ஆனது, 4 கப்பல் துறை ஆனது. எண் செல்லுபடியாகும் எண்தான், அதனால் எஞ்சின் எதற்குக் குறை சொல்லும்?

இனி இப்படிச் செய்யுங்கள். கோப்பில் எண்ணை எழுதாமல் "கப்பல்துறை" என்று பெயரையே எழுதுங்கள். திரையில் எந்த வரிசையில் காட்டுவது என்பதைத் தனிப் பட்டியலாக வையுங்கள். கோப்பின் முதல் வரியிலேயே பதிப்பு எண் இருக்கட்டும். ஜேசன் (JSON) என்ற உரை வடிவில் சேமிக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: 3 என்று எழுதினாலும் கோடோ அதைத் திரும்பப் படிக்கும்போது 3.0 ஆகத்தான் கொடுக்கும். முழு எண்ணாக மாற்றாமல் நிரலின் அகராதியில் (டிக்ஷனரி) தேடினால் கிடைக்காது. அதில் ஒரு ராத்திரி முழுக்க நான் தவித்திருக்கிறேன்.

திறந்து சேமிக்காத 0.3 கோப்புகளுக்குக் கவலை இல்லை. முகவர் பற்றிய பகுதி கோப்பில் இல்லை என்றால் அது பழையது. 3, 4 இரண்டுக்கும் ஒன்று கூட்டிப் படியுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
பதிப்பு எண் விஷயத்துக்கு ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூக விளையாட்டின் கோப்பைப் பாருங்கள். அதன் சேவ் உண்மையில் ஒரு ஜிப். பிரித்தால் மெட்டா, கேம்ஸ்டேட் என்று இரண்டு இருக்கும், மெட்டாவில் எந்தப் பதிப்பில் சேமித்தது என்று எழுதியிருக்கும். அந்த ஆட்டம் 2016இல் வந்தபோது விண்மீன் விட்டு விண்மீன் போக வார்ப், வார்ம்ஹோல், ஹைப்பர்லேன் என்று மூன்று வழியில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். 2018 பிப்ரவரியில் 2.0 வந்ததும் ஹைப்பர்லேன் மட்டும்தான் மிஞ்சியது. அப்படி அடித்தளமே மாறும்போது பழைய ஆட்டத்தைப் புதியதாக மாற்றித் தர முடியாது. அதனால்தான் ஸ்டீமில் பீட்டாஸ் பகுதியில் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கிறார்கள், தொடங்கியதை அதிலேயே முடிக்கலாம். நீங்கள் எதையும் எடுக்கவில்லை, சேர்த்தீர்கள். மாற்றித் தர முடியும். 0.3ஐயும் எங்காவது பத்திரமாக வையுங்கள்.

கிட்டங்கி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது நீங்கள் செய்திருப்பது ஸ்டெல்லாரிஸில் 2018 டிசம்பரில் மெகாகார்ப் என்ற விரிவாக்கத்தோடு வந்த கிளை அலுவலகம் போலத்தான் இருக்கிறது: ஒரு கிரகம், ஒரு முதலாளி, வருமானம். நம் ஆட்கள் நடத்திய கிட்டங்கி அப்படி இல்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரே நீளக் கூடத்தில் பல விலாசத்துக்காரர்கள் (தனித்தனியாகத் தொழில் நடத்தியவர்கள்) ஆளுக்கொரு பெட்டியும் மேசையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொழிலில் போட்டி, தங்குவது ஒரே கூரை. கிட்டங்கியைப் பொதுக் கட்டடமாக்குங்கள். எந்த அரசின் முகவரும் இடம் பிடிக்கலாம், பக்கத்துப் பெட்டிக்காரர் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பது காதில் விழும். அந்தத் தகவல்தான் ஆட்டத்தில் பெரிய சொத்தாக இருக்கும். இதை எங்கேயும் நான் ஆடியதில்லை.

காரைக்குடி விண்மீன்:
பொதுக் கட்டடம்! இதை 0.5க்கு எழுதி வைத்துவிட்டேன், எல்லோருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் பள்ளத்தூர் கோப்பு? அதில் முகவர் பகுதியும் இருக்கிறது, பழைய எண்களும் இருக்கின்றன.

கோட்டையூர் கோடு:
ஒவ்வொரு கட்டடமும் எந்தச் சுற்றில் முடிந்தது என்று சேமிக்கிறீர்களா?

காரைக்குடி விண்மீன்:
சேமிக்கிறேன் அண்ணே, பராமரிப்புச் செலவு கணக்கிட.

கோட்டையூர் கோடு:
பிழைத்தோம். 212 வரை முடிந்தவற்றில் 3, 4 எண்களுக்கு ஒன்று கூட்டுங்கள், அதற்குப் பின் கட்டியதைத் தொடாதீர்கள். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 212இல் கட்டுமான வரிசையில் காத்திருந்தவையும் பழைய எண்ணோடுதான் இருந்திருக்கும், அவை 212க்குப் பின் முடிந்திருக்கும். அரண் கட்ட எத்தனை சுற்று?

காரைக்குடி விண்மீன்:
அரணுக்கு 5, கப்பல் துறைக்கு 4. இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன். 212க்குள் முடிந்த 31 கட்டடமும் சரியாக வந்துவிட்டன. 213 முதல் 217 வரை முடிந்தது ஒன்றே ஒன்று. நேமம் விண்மீனின் மூன்றாம் கிரகத்தில், 214ஆம் சுற்றில், எண் 4. கோப்பு அதைக் கப்பல் துறை என்கிறது. பள்ளத்தூர் நண்பருக்குப் போன் போட்டேன். "நேமத்திலா? அங்கே நான் அரண்தானே போட்டேன், கப்பல் துறை யார் கேட்டா?" என்றார். அதையும் மாற்றிக் கோப்பை அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை 221இலிருந்து தொடர்கிறார்.