பெடலே இல்லாத காருக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமா?

கல்லாறு பயணி:
வணக்கம். என்னுடையது 2017 மாடல் ஏஎம்டி கார், அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. வீடு மேட்டுப்பாளையம், வேலை குன்னூர். போன மாதம் பர்லியாறு தாண்டி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது கருகிய வாடை வந்தது. இப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம்தான் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. பட்டறையில் கிளட்ச் செட் மாற்றச் சொல்கிறார்கள். "பெடலே இல்லாத வண்டிக்கு ஏதுடா கிளட்ச்?" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

கோவை சங்கர்:
ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் கிடையாது. என் வண்டி டார்க் கன்வெர்ட்டர், லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கியர் ஆயில் தவிர எதையும் மாற்றியதில்லை. வேறு பட்டறை பாருங்கள்.

பட்டறை மணி:
தம்பி, உங்கள் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி. சங்கர் சாருடைய வண்டி வேறு ரகம். அதில் இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது எண்ணெய். உள்ளேயும் கிளட்ச் தட்டுகள் உண்டு, ஆனால் ஆயிலில் ஊறிக்கொண்டே இருப்பதால் சீக்கிரம் தேயாது. அந்த ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும்.

ஏஎம்டி அப்படியில்லை. 2014இல் மாருதி செலேரியோ காரில் வந்ததிலிருந்து இங்கே பரவலான இந்த ஏற்பாடு, அடிப்படையில் சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட், அதே ரிலீஸ் பேரிங். மேனுவலில் இடது கால் செய்யும் வேலையை இதில் ஆக்சுவேட்டர் என்ற, கம்ப்யூட்டர் இயக்கும் கருவி செய்கிறது, அவ்வளவுதான். பிளேட் காய்ந்த நிலையில் உரசுகிறது, அதனால் தேயத்தான் செய்யும். இரண்டு கிளட்ச் உள்ள ட்வின் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் இப்படி ஆயில் இல்லாமல் உரசும் டிரை வகை இருக்கிறது. அதற்கும் ஒருநாள் கிளட்ச் செலவு உண்டு.

மலையில் ஏன் கருகியது? ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி நின்றிருப்பீர்கள். அப்போது கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடு ஏறிவிடும். நிற்கும்போது பிரேக்கை மிதியுங்கள். ரொம்ப நேரம் நின்றால் நியூட்ரலுக்குப் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, வழி கிடைத்ததும் ஒரே மூச்சில் ஏறுங்கள்.

கியர்பாக்ஸை இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லைனிங் தேய்ந்து ரிவெட் மட்டத்துக்கு வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பிரஷர் பிளேட்டில் நீலநீலமாகத் திட்டு இருந்தால் சூடு வாங்கிய அடையாளம்.

கல்லாறு பயணி:
நன்றி அண்ணா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ரிவெட் தலை பிளேட்டோடு சமமாக இருந்தது, ஒரு ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, மாத்திரு" என்றார்.

பட்டறை மணி:
அந்த எண்ணெயை விட்டுவிடாதீர்கள் தம்பி. இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது சீல் மாற்றுவது சின்ன வேலை, பிறகென்றால் மறுபடியும் முழுதாக இறக்க வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே போடுங்கள். கிளட்ச் பிளேட் உரசும் ஃப்ளைவீல் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக, புது செட் போட்டதும் ஸ்கேனர் வைத்து கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் முதல் கியரில் குலுங்கும். ஸ்கேனர் இல்லாத பட்டறை என்றால் இந்த வேலையை அங்கே கொடுக்க வேண்டாம்.