டெல்டாவில் ஆர்சி டூரிங் கார்: வைத்திருப்பவர்கள் அனுபவம்

பாபநாசத்திலிருந்து:

ரேஸ் ஓட்ட ஆர்சி டூரிங் கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் ரோட்டு ரேஸ் கார், வாங்கலாமா என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, ஓட்ட இடம் இருக்கிறதா என்றுதான். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. ரேஸுக்கு செட் பண்ணும்போது அடித்தட்டுக்கும் தரைக்கும் 5 மில்லிமீட்டர் வாக்கில்தான் இடைவெளி வைப்போம், நம்மூர் ரோட்டில் பெயர்ந்து கிடக்கும் ஒரு ஜல்லி போதும், கார் குட்டிக்கரணம் போட்டுவிடும். பக்கி (மேடு பள்ளத்திலும் ஓடும் ஆர்சி கார்) வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, வாய்க்கால் கரையிலேயே ஓட்டலாம். டூரிங் காருக்குச் சமமான தரை வேண்டும், அதற்கு எங்கள் பக்கம் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

அந்தக் களமும் எப்போதும் காலியாக இருக்காது. புரட்டாசியில் குறுவை நெல் வந்துவிடும், ஐப்பசி கார்த்திகை மழை, தைக்கு மேல் சம்பா, அது ஓய்ந்ததும் உளுந்தும் பயறும் காயும். சித்திரை வைகாசிதான் நமக்கு நிம்மதியான காலம். அப்போதும் ஒருவர் மூட்டையோடு வந்து நின்றால் டிராக்குக்குப் போட்ட ஹோஸ் பைப்பை உடனே சுருட்டிவிடுகிறோம், நெல்லுக்காகக் கட்டிய இடம் அது. அதனால்தான் ஊரில் எங்களை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது டமியா கம்பெனியின் டிடி-02, 2013-இல் வந்த சேஸி (காரின் அடிச்சட்ட மாடல்). முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற நடுவில் ஒரே தண்டு ஓடுகிறது, பெல்ட் இல்லை, கியர்களும் மூடியே இருக்கும். இந்தத் தூசிக்கு இதுதான் சரி என்பேன். கூட ஓட்டும் தம்பி ஒருவரின் பெல்ட் கார் வளைவில் என்னுடையதைவிட அழகாகத் திரும்பும், மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் டக் டக்கென்று சத்தம், கழற்றிப் பார்த்தால் ஒரு கருக்காய் நெல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே நசுங்கி, அதன் மூக்கு மட்டும் பல்லில் குத்திக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க துடைப்பம்தான்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வைத்திருக்கிறாய் என்றால், வேறெந்த ஆர்சி காரும் இந்த அளவுக்குக் கற்றுக்கொடுக்காது. ஒன்றை மாற்றினால் அடுத்த சுற்றிலேயே கையில் தெரியும். பினியனில் (மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) இரண்டு பல் கூட்டினால் நேரில் போகிற வேகம் கூடும், கூடவே மோட்டார் சூடும் ஏறும், வைகாசி வெயிலில் அதன்மேல் விரல் வைக்க முடியாது, பல்லைக் குறைத்தால் வளைவிலிருந்து வெளியே வரும்போது சுறுசுறுப்பாகிவிடும். களத்தைப் பெருக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினால் டயர் போன தடம் மட்டும் தூசி விலகித் தெரியும், பிடிப்பு அதில்தான். ஒரு சாண் தள்ளிப் போனால் பின்பக்கம் சுற்றிவிடும். அந்தத் தடத்தை விடாமல் இரண்டு பேர் ஒட்டி ஓட்டும்போது கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே வாங்கலாம்.

மன்னார்குடியிலிருந்து:

அண்ணா, செலவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பையனுக்காக வாங்கியவள் என்பதால் எழுதுகிறேன். கிட் (நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்கள்) வாங்கினால் ரிமோட், ரிசீவர், சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்), பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் தனித்தனி. அடிப்படைக் கிட்டில் பேரிங்குக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் வளையமான புஷ்தான் வரும், குலுக்கலைத் தாங்கும் எண்ணெய் ஷாக்கும் கிடையாது, அதையெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஒன்று உடைந்தால் வெளியூரிலிருந்து பார்சல் வரும்வரை கார் அலமாரியில். வீட்டில் ஒரு ஸ்பேர் வைத்துக்கொள்வதே நல்லது.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு செல், 7.4 வோல்ட், முழுதாக ஏறினால் 8.4. மழைக்காலம் முழுக்க நாம் காரைத் தொடுவதில்லை, அப்போது முழு சார்ஜிலோ காலியாகவோ போட்டுவைத்தால் அது கெட்டுவிடும், செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற கணக்கில் வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜில் போடாதீர்கள், நல்லதாக இருந்தாலும் ஆள் பக்கத்தில் இல்லாமல் போடாதீர்கள், தீப்பிடிக்கும். எங்கள் வீட்டில் நிழலில், வெறும் சிமெண்ட் தரையில் வைத்துத்தான் சார்ஜ். இதைப் பையனே பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது எனக்குப் பெரிய திருப்தி.

நாகப்பட்டினத்திலிருந்து:

எங்களுக்குத் தூசியைவிட உப்புக்காற்று. ஸ்க்ரூவும் பேரிங்கும் துருப்பிடித்துவிடுகின்றன. ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியுள்ள பெட்டியில் வைத்தால் தாங்கும். காரைத் திறந்தபடி மொட்டை மாடி அறையில் வைக்காதீர்கள்.

பாபநாசத்திலிருந்து:

தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. புதிதாக வாங்குகிறவர்கள் பக்கத்தில் யாரிடம் என்ன சேஸி இருக்கிறது என்று விசாரித்து அதையே வாங்குங்கள். உடைந்தால் ஒருவர் பாகம் இன்னொருவருக்கு உதவும், மோட்டாரும் ஒரே மாதிரி இருந்தால் ஓட்டுகிற கைக்குத்தான் போட்டி. ஒருவருமே இல்லை, களமும் இல்லை என்றால் இப்போதைக்கு பக்கியே வாங்குங்கள்.