சோற்றுப் போசியில் (டிபன் பாக்ஸில்) முட்டை கூடாதாம், என்ன செய்யலாம்?

வணக்கமுங்க. நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். மகள் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. மதியச் சாப்பாட்டில் முட்டை கொண்டுவரக் கூடாது என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

அதற்கு முந்தின நாள் அவித்த முட்டை வைத்திருந்தேன். பாதி கடித்தது அப்படியே திரும்பி வந்தது. போசி மூடியால் மறைத்துக்கொண்டு தின்றாளாம். "நாத்தம்னு சொல்றாங்கம்மா" என்றாள். மனசே கேட்கவில்லை.

அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரம் 5 முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். அப்படி இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதே! சைவத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் அம்மாயியும் சைவம்தான்.

யாராவது பள்ளியில் பேசி இதை மாற்றியிருக்கிறீர்களா? கடிதம் கொடுப்பதா, பெற்றோர் கூட்டத்தில் கேட்பதா? வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்குள் சொல்லுங்க.