கிரீன் பேயில் கேட்ட கதைகள்

கிரீன் பே ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பாக்கர்ஸில் ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்? மூன்று பேர் ஆளுக்கொரு கதையோடு பதில் சொல்கிறோம்.

வேலைக்காக மில்வாக்கியில் இருந்த வருடம், டிசம்பரில் அலுவலக நண்பர் ஒருவர் கிரீன் பேவுக்கு மேட்ச் பார்க்கக் கூட்டிப் போனார். பாக்கர்ஸ் டீமில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ஆரன் ராட்ஜர்ஸ். லாம்போ மைதானத்தின் அலுமினிய பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "உங்கள் டீமிலேயே பெரிய ஆட்டக்காரர் ராட்ஜர்ஸ்தானே?" என்று சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவ்வளவுதான், மனிதர் கையுறையைக் கழற்றிவிட்டார்.

"பார்ட் ஸ்டார். 15ஆம் நம்பர்."

1967 டிசம்பர் 31 ஆட்டத்தை நேரில் பார்த்தவராம். அப்போது கல்லூரி மாணவர். அன்றைக்குக் குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கு அடியில் போட்டிருந்த சூடேற்றும் கம்பிகள் கைவிட்டதில் திடல் கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. நடுவரின் விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் கத்தித்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். இவர் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு போயிருக்கிறார்.

எதிரணி டல்லாஸ் 17, பாக்கர்ஸ் 14. மிச்சம் 16 வினாடி. பந்தைக் கொண்டு சேர்க்க வேண்டிய கோல் கோட்டுக்கு ஒரு கெஜம்கூட இல்லை. ஸ்டார் நேரே பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டியிடம் போய், பந்தோடு நானே நுழைந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். கூட ஆடுபவர்களிடம் மூச்சு விடவில்லை. பந்து தன் கைக்கு வரும் என்று பாய்ந்து வந்த சக் மெர்சின், வராததைக் கண்டு இரண்டு கையையும் தூக்கினார். படத்தில் பார்த்தால் கொண்டாட்டம் மாதிரி இருக்கும். உண்மையில் 'நான் பின்னாலிருந்து தள்ளவில்லை' என்று நடுவருக்குக் காட்டத்தான்! பெரியவர் எழுந்து நின்று அப்படியே கையைத் தூக்கிக் காட்ட, பின்வரிசைக்காரர் உட்காரச் சொல்லி அதட்டினார். 21–17. இத்தனைக்கும் ஸ்டார், 1956இல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்.

* * *

நண்பரே, கோடையில் போயிருந்தால் வேறு பெயர் காதில் விழுந்திருக்கும். ஆட்டக்காரர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவது அங்கே வழக்கம். என் பையனின் குட்டி சைக்கிளில் ஒரு புது ஆள் ஏறினார். முழங்கால் முகவாயை இடிக்கிறது. பையன் அவருடைய ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுகிறான். அந்தப் பயிற்சித் திடலின் பெயர் ரே நிச்கி திடல். லம்பார்டியிடம் ஆடிய தடுப்பாட்டக்காரர் அவர். 1960இல் பயிற்சியின்போது காற்றில் ஒரு இரும்புக் கோபுரம் நிச்கி மேலேயே சாய்ந்து, போல்ட் ஒன்று ஹெல்மெட்டைத் துளைத்துவிட்டது. அடிபட்டது நிச்கி என்று தெரிந்ததும் லம்பார்டி, "அவனுக்கு ஒன்றும் ஆகாது, வேலையைப் பாருங்கள்" என்றாராம். நிஜமாகவே ஒன்றும் ஆகவில்லை. என் ஓட்டு நிச்கிக்கு.

* * *

சரி, எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் ஆட்டக்காரரான டான் ஹட்சனை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். 1945இல் ஓய்வு பெறும்போது அவர் பிடித்திருந்த டச்டவுன்கள் (கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) 99. அந்தக் கணக்கைத் தாண்ட 1989 வரை ஆள் இல்லை. அதுவும், பந்தை எறிந்து ஆடுவதே குறைவாக இருந்த காலத்தில்!

எங்கள் வீட்டுக்காரப் பாட்டி சின்ன வயதில் அவர் ஆடியதைப் பார்த்தவர். முழு வேகத்தில் ஓடி வந்து, கோல் கம்பத்தை ஒரு கையால் பற்றிச் சுழன்று, துரத்தியவனை வேறு பக்கம் ஓடவிட்டுப் பந்தைப் பிடிப்பாராம். எனக்கு விளங்கவில்லை. பாட்டி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார், சமையலறைக் கதவு நிலையை இடது கையால் பிடித்தார், ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்.