கோவிந்த் சிங் ஓடிய வயல்

மகள் பாரிஸில் படித்தபோது ஒரு டிசம்பரில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வாடகைக் காரில் இருவரும் வடக்கே காம்ப்ரே பக்கம் போனோம். பெசியேர் என்ற ஊருக்குக் கிழக்கே இருக்கும் வயல்வெளியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் லான்ஸ் தபேதார் கோவிந்த் சிங், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்றது அங்கே நடந்த சண்டைக்காகத்தான்.

நமக்குத் தபேதார் என்றால் கலெக்டர் ஆபீஸ் நினைவுதான் வரும். குதிரைப்படையில் அது ஒரு பதவி. ராஜஸ்தான் நாகௌர்க்காரரான இவருடைய சொந்தப் பிரிவு 28ஆவது லைட் கேவல்ரி, பழைய மதராஸ் குதிரைப்படையின் வழிவந்தது. பிரான்சில் 2ஆவது லான்சர்ஸ் என்ற வேறொரு குதிரைப்படைப் பிரிவுடன் சேர்ந்து சண்டையிட்டார்.

1917 நவம்பர் 30 அன்று ஜெர்மானியர் எதிர்த்தாக்குதலைத் தொடங்கினார்கள். மறுநாள் காலை லான்சர்ஸ் குதிரைகளில் பாய்ந்து போய் ஒரு பதுங்குகுழியைப் பிடித்தார்கள். ஆனால் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பிரிகேட் தலைமையகத்துக்குச் செய்தி போக வேண்டும். தூரம் ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர். கோவிந்த் சிங் தானாக முன்வந்தார். வழியில் குதிரை சுடப்பட்டு விழ, மீதித் தூரத்தைக் காலால் கடந்து செய்தியைச் சேர்த்தார். அப்புறம் இன்னொரு குதிரை, இன்னொரு செய்தி. அதுவும் விழுந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. மூன்று செய்திகளும் போய்ச் சேர்ந்தன.

படித்தபோது எனக்கு இது ஒரு வீரக்கதையாக மட்டுமே இருந்தது. வயலோரப் பாதையில் அதே தூரம் நடந்து பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. பீட்ரூட் பிடுங்கிய வெறும் மண். ஒளிய ஒரு மரம் இல்லை, புதர் இல்லை. ஈரக் களிமண் செருப்பைப் பிடித்து இழுத்தது. சும்மா நடப்பதற்கே எனக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே ஓடியிருக்கிறார்.

டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். மகள் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். இன்றும் உழும்போது குண்டுத் துண்டுகள் வருகின்றன என்று சொல்லி, வரப்போரம் கிடந்த துருப்பிடித்த இரும்பைக் காட்டினார். தொடாதீர்கள் என்றும் எச்சரித்தார்.

கார் மறுமுனையில் நின்றது. வந்த வழியே திரும்பினோம். அதுவரை கேலி பேசிக்கொண்டு வந்த மகள் பாதி வழியில் நின்று, "அப்பா, ரெண்டாவது தடவையும் அவரேதான் கேட்டுப் போனாரா?" என்றாள். ஆமாம் என்றேன். கார் வரைக்கும் அவள் அப்புறம் பேசவில்லை.