வேலியை மூடும் நீலப்பூக் கொடி: வேரோடு ஒழிக்க வழி உண்டா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருக்கிறோம். வேலிக்கு நட்ட காட்டுச் சூரியகாந்தியை ஒரு கொடி சுற்றி, வெயிலே படாதபடி மூடிவிட்டது. இதய வடிவ இலை, சிலது மூன்று பிரிவாகவும் இருக்கிறது. காலையில் நல்ல நீலத்தில் பூத்து, சாயங்காலம் ஊதாச் சிவப்பாகி வாடுகிறது. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை! விதை கண்ணில் படவில்லை. ஆனால் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் கணுவில் வேர் விடுகிறது. வெட்டினால், ஈரத்தில் விழுந்த துண்டும் தழைக்கிறது. நம்ம பக்கத்து மழைக்குச் சொல்லவா வேண்டும்.

வத்தாளை (சர்க்கரைவள்ளி), கங்குன் கீரை இனத்துக் கொடிதானே என்று பக்கத்து வீட்டில் பசுவுக்கு அறுக்கப் பார்க்கிறார்கள். இந்த இனத்தில் சிலவற்றின் விதை நஞ்சு, அதனால் எனக்குப் பயம். மாடு வளர்ப்பவர்கள் யாராவது இதைப் போட்டிருக்கிறீர்களா?

மருந்து அடித்தால் வேலியும் போஞ்சியும் சேர்ந்து கருகும், அது வேண்டாம். மண் கொத்தும் முள்ளால் (ஃபோர்க்) கிளறி வேரைப் பொறுக்கியவர்கள், கறுப்புப் பொலித்தீன் போட்டு மூடியவர்கள் இருந்தால், எவ்வளவு காலம் பிடித்தது, திரும்ப முளைத்ததா என்று சொல்லுங்கள். அப்புறம், பிடுங்கிய கொடியை எங்கே போடுகிறீர்கள்? இங்கே காய வைக்க வெயில் கிடைப்பதில்லை.