ஹைக்கூ என்றதும் பிள்ளைகள் விரலை மடக்குகிறார்கள். என்ன செய்யலாம்?

நான்காம் ஆண்டு டீச்சர், சுங்கை சிப்புட்:
மலேசியாவில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஹைக்கூ சொல்லிக்கொடுக்கிறேன், ஜப்பானியரின் மூன்று வரிக் கவிதை. மூன்று வரிக்கும் 5-7-5 எழுத்து என்று பலகையில் எழுதியதுதான் தாமதம், 22 பேரும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வந்தது இது:

மழை அழகு
பூக்கள் மிக அழகு
வானம் அழகு

புள்ளி வைத்த ஒற்றெழுத்தை விட்டு எண்ணினால் கணக்கு கச்சிதம். ஆனால் மழையும் இல்லை, பூவும் இல்லை. பருவத்தைக் காட்டும் சொல் வேண்டும் என்றேன். உடனே பனி கொட்டுவதை எழுதுகிறார்கள். இங்கே யார் பனி பார்த்தார்கள்? எங்கிருந்து தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெலுக் இந்தான்:
டீச்சர், முதலில் எண்ணிக்கையை விடுங்கள். ஜப்பானியர் எண்ணுவது நம்மைப்போல் அல்ல. ஜப்பானை அவர்கள் சொல்லும் 'நிப்போன்' நமக்கு ஒற்று போக இரண்டு எழுத்து, அவர்களுக்கு நான்கு ஒலி. ஒற்றும் கணக்கில் வரும். அந்த அளவு தமிழில் அப்படியே உட்காராது. பாரதியார் 1916-இல் சுதேசமித்திரன் பத்திரிகையில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது வியந்தது அதன் சொற்சுருக்கத்தைத்தான்.

ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் 1686-ஆம் ஆண்டுத் தவளைக் கவிதையைச் சொல்லிப் பாருங்கள். பழைய குளம், குதிக்கும் தவளை, தண்ணீரின் ஓசை. அவ்வளவுதான். அழகு என்று அவர் சொல்லவே இல்லை.

பருவமா? நமக்கும் இருக்கிறதே! பிப்ரவரி வாக்கில் பால்மரம், அதான் ரப்பர் மரம், இலை சிவந்து உதிரும். அப்புறம் அதன் காய் வெடித்துக் கொட்டை தெறிக்கும் காலம், டுரியான் பழக் காலம்.

பால்மரம் வெட்டிய அம்மா:
நான் 19 வருஷம் பால்மரம் வெட்டினேன், டீச்சர். விடியாத நேரத்தில் மர நிரையில் நின்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து நிரையில் கத்தி பட்டையைச் சீவும் சத்தத்தை வைத்துத்தான் ஆள் இருப்பது தெரியும். ஒட்டுப்பால், அதாவது வெட்டில் ஒட்டிக் காய்ந்த பால், அதன் வாடை இருக்கிறதே, எத்தனை சோப்பு போட்டாலும் உடுப்பை விட்டுப் போகாது. என் மகள் கண்ணைத் திறக்காமலே "அம்மா வந்தாச்சு" என்பாள். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். மூக்கும் காதும் தானாக வேலை செய்யும்.

நான்காம் ஆண்டு டீச்சர், சுங்கை சிப்புட்:
செய்து பார்த்தேன். ஒரு துணிப்பையில் ரப்பர் கொட்டை, கறிவேப்பிலை, ஈரச் செங்கல் துண்டு. கண்ணை மூடித் தொட்டார்கள், முகர்ந்தார்கள். அழகு, இனிமை இரண்டு சொல்லுக்கும் அன்று தடை. அரை மணி நேரம் ஒன்றுமே வரவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் பனி எழுதிய அதே பையன் நோட்டை நீட்டினான். அவன் குடியிருக்கும் தோட்ட லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை பால்மரம் இன்னும் நிற்கிறதாம்.

விளக்கு அணைந்தது
தகரக் கூரையில்
ரப்பர் கொட்டை ஒன்று

சத்தம் என்ற சொல்லே இல்லை. எனக்குக் கேட்டது. எண்ணினால் 7-6-6, அப்படியே சுவரில் ஒட்டிவிட்டேன்.

அம்மா, ஒரு நாள் வகுப்புக்கு வருவீர்களா? கிடைத்தால் கொஞ்சம் ஒட்டுப்பாலும் கொண்டுவாருங்கள்.